குர்குமினைப் புற்றுநோய்ச் செல்லில் சோதிப்பது எப்படி: செல் வளர்ப்பு முதல் செல் சாவை உறுதிசெய்வது வரை

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் உயிர்வேதியியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படிப்பவர்கள் ஆய்வுத் தலைப்பு தேடும்போது முதலில் மஞ்சள் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மஞ்சளில் உள்ள குர்குமினை ஊற்றினால் புற்றுநோய்ச் செல் சாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அளவு மிஞ்சினால் சமையல் உப்பும் அதே செல்லைக் கொல்லும். செத்தது எந்தச் செல், எந்த வழியில் செத்தது, கொன்றது குர்குமின்தானா என்ற மூன்றுக்கும் சான்று காட்டினால்தான் அது ஆய்வு. அந்தச் சான்று கடைசி நாளில் கருவியில் கிடைப்பதில்லை. செல்லை ஃபிளாஸ்கில் விடும் முதல் நாளிலேயே அதற்கான வேலை தொடங்கிவிடுகிறது.

அறையும் இன்குபேட்டரும்

மனிதச் செல்லைக் கையாள இரண்டாம் வகை உயிர்ப்பாதுகாப்புப் பெட்டி தேவை. திசு வளர்ப்புச் செடிகளுக்கு வைத்திருக்கும் கிடைமட்டக் காற்றோட்ட மேசையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அது செல்லைக் காக்கும், ஆனால் செல்லின் மேல் பட்ட காற்றை நேராக உங்கள் முகத்தில் வீசும். ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுச் செல்லுக்குள் மனித பாப்பிலோமா வைரஸ் 18இன் மரபணுத் துண்டு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, பொள்ளாச்சி ஆய்வகங்களுக்குள் மண்ணையும் பூஞ்சை வித்தையும் கொண்டுவந்து சேர்க்கும். நூற்பாலைக்கும் தறிக்கும் பக்கத்தில் இருக்கும் கட்டடமென்றால் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் ஏசியின் வலையை வாரம் ஒருமுறை கழுவுங்கள், பெட்டியின் முன்வடிகட்டியை அடிக்கடி பாருங்கள். வேலை தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பே பெட்டியை ஓடவிட்டு, 70 சதவீத எத்தனாலால் துடையுங்கள். 95 சதவீதம் இன்னும் நன்றாகக் கொல்லும் என்று நினைப்பது தவறு. புரதத்தைச் சிதைக்க நீரும் வேண்டும். அடர் எத்தனால் அந்த வேலையை முடிப்பதற்குள் ஆவியாகிவிடும்.

இன்குபேட்டருக்கு 37 டிகிரி செல்சியஸ், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. பலரும் கவனிக்காத ஒன்று: சாதாரண கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறை அதைவிடச் சுமார் 5 டிகிரி குறைவாக இருந்தால்தான் அது 37இல் நிற்கும். அக்னி நட்சத்திர நாட்களில் ஈரோட்டிலோ கரூரிலோ ஒரு மதியம் ஏசி நின்றால், உள்ளே 38, 39 என்று ஏறும். செல்லுக்கு அதுவே ஒரு தாக்குதல். அன்று கிடைத்த முடிவில் மருந்தின் பங்கு எது, வெயிலின் பங்கு எது என்று பிரிக்கவே முடியாது. எனவே இன்குபேட்டரை மட்டுமல்ல, அந்த அறையின் ஏசியையும் ஜெனரேட்டர் இணைப்பில் சேருங்கள்.

இன்குபேட்டரின் அடித்தட்டில் ஆட்டோகிளேவ் செய்த வாலைவடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும், வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். போர்த் தண்ணீரின் உப்பு தட்டில் படிந்து எஃகை அரிக்கும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனித்தாலும் இந்தத் தட்டுக்கு ஆகாது.

எந்தச் செல்?

செல்லை புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்குங்கள். பக்கத்து ஆய்வகத்து நண்பர் தரும் ஃபிளாஸ்க் இலவசமாக வரும், ஆனால் அதற்குள் இருப்பது எது என்பதற்கு உறுதி இல்லை. ஹீலா 1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டது. அது வேகமாக வளரும், ஒரு துளி சிதறி வேறு ஃபிளாஸ்கில் விழுந்தாலும் அங்கிருப்பதை மூடிவிடும். பல செல் வரிசைகளில் ஹீலா கலந்திருப்பதை ஸ்டான்லி கார்ட்லர் 1966இலேயே காட்டிவிட்டார்.

வாய்ப்புற்று என்று பயன்படுத்தப்படும் கேபி, குரல்வளைப் புற்று என்று சொல்லப்படும் ஹெப்-2, இயல்பான கல்லீரல் என்று நம்பப்படும் சாங் லிவர் ஆகிய மூன்றும் உண்மையில் ஹீலாதான். கல்லீரல் புற்றான ஹெப்-ஜி2வைக் கொல்கிறது, இயல்பான கல்லீரல் செல்லை விட்டுவிடுகிறது என்று காட்ட சாங் லிவரை வைத்தால், ஒரு புற்றை இன்னொரு புற்றோடு ஒப்பிட்டிருப்பீர்கள். எச்இகே 293ஐயும் இயல்பான செல் என்று எழுத முடியாது, அது அடினோவைரஸின் மரபணு புகுத்தப்பட்டு மாறிய செல். ஒப்பீட்டுக்கு மனிதத் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் நல்லது. செல் கைக்கு வந்ததும், அதன் டிஎன்ஏ அடையாளத்தைக் காட்டும் எஸ்டிஆர் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுச் செல்லை எடுப்பவருக்குத் தனி எச்சரிக்கை. செல் தானே சாகும்போது புரதங்களை வெட்டும் காஸ்பேஸ்-3 என்ற நொதி அதில் வேலை செய்யாது, அந்த நொதியின் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டுள்ளது. அதனால் டிஎன்ஏ ஏணி போல வெட்டுப்பட்டுத் தெரியாது. ஜெல்லில் ஏணி வரவில்லையே என்று மாதக்கணக்கில் திணறுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உருக்குதல், பிரித்தல், உறையவைத்தல்

உறைந்த குப்பியை 37 டிகிரி நீரில் ஆட்டியபடி 1 முதல் 2 நிமிடத்தில் உருக்குங்கள். மிளகளவு பனி மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்து, வெதுவெதுப்பான ஊடகம் (செல்லுக்கு உணவான திரவம்) 9 மி.லி.யில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் 200 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றுங்கள். உறையவைக்கச் சேர்த்திருந்த டிமெத்தில் சல்ஃபாக்சைடும் மேல்நீரோடு போய்விடும். பிறகு டி-25 ஃபிளாஸ்கில் 5 மி.லி. ஊடகம். ஹீலாவுக்கும் எம்சிஎஃப்-7க்கும் 10 சதவீதக் கன்றுக்கரு சீரம் சேர்த்த டிஎம்இஎம் என்ற ஊடகம் போதும்.

ஊடகத்தின் நிறத்தைத் தினமும் பாருங்கள். ஒரே இரவில் மஞ்சளாகிக் கலங்கினால் பாக்டீரியா. ஊதா சாயல் தட்டினால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் காலி. மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா மட்டும் இப்படிக் காட்டிக்கொடுக்காது. அதற்குச் செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் ஒன்றும் செய்யாது, 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிப்போகும், பின்னால் வரும் எம்டிடி சோதனையின் கணக்கையும் கெடுக்கும். அதன் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனையை மாதம் ஒருமுறை செய்யுங்கள். வசதியில்லையென்றால் டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் ஹோக்ஸ்ட் சாயமிட்டு, உட்கருவுக்கு வெளியே நுண்புள்ளிகள் மினுங்குகின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தொகுதியைக் கொட்டிவிடுங்கள்.

ஃபிளாஸ்க் 70, 80 சதவீதம் நிரம்பியதும் செல்லை வேறு ஃபிளாஸ்குகளுக்குப் பிரிக்க வேண்டும். கால்சியம், மக்னீசியம் இல்லாத பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவுங்கள், மிச்சமிருக்கும் சீரம், செல்லைக் கழற்றும் நொதியான ட்ரிப்சினை முடக்கிவிடும். 0.25 சதவீத ட்ரிப்சின்-ஈடிடிஏ 1 மி.லி., 37 டிகிரியில் 2 முதல் 3 நிமிடம். செல் உருண்டை ஆனதும் சீரம் உள்ள ஊடகம் 3 மி.லி. ஊற்றி நிறுத்துங்கள். அவசரப்பட்டு ஃபிளாஸ்கைத் தட்டினால் செல் கொத்துக் கொத்தாகக் கழலும், எண்ணிக்கை பொய்யாகும்.

சேமிக்கும்போது ஒரு மி.லி.க்கு 10 முதல் 20 லட்சம் செல், 90 சதவீதம் சீரம், 10 சதவீதம் டிமெத்தில் சல்ஃபாக்சைடு. நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிரும் பெட்டியில் வைத்து மைனஸ் 80இல் ஓர் இரவு, அடுத்த நாள் திரவ நைட்ரஜன். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் விந்துக் குச்சிகளை வைத்திருப்பதும் அதே மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனில்தான் என்பதால், பால்மாடு அதிகமுள்ள நம் பகுதியில் அது எங்கே நிரப்பப்படுகிறது என்று கால்நடைத் துறையில் விசாரிக்கலாம். கேனில் வாரம் ஒருமுறை மரக்குச்சி விட்டு மட்டத்தை அளந்து குறித்து வையுங்கள்.

குர்குமினைக் கரைப்பது

மஞ்சள்தூள் வேறு, குர்குமின் வேறு. தூளில் குர்குமின் சில சதவீதம்தான். கடைத்தூளில் நிறத்துக்காகக் கலக்கும் ஈயக் குரோமேட் இருந்தால் அதுவே செல்லைக் கொல்லும். சாறுதான் வேண்டுமென்றால், வேகவைத்துக் காயவைத்த விரலி மஞ்சளை விவசாயியிடமே நேராக வாங்கி நீங்களே அரையுங்கள்.

தூய குர்குமினின் மூலக்கூறு எடை 368.4. 7.37 மி.கி. எடுத்து 1 மி.லி. டிமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்தால் 20 மில்லிமோலார். இதை ஊடகத்தில் படிப்படியாக நீர்க்கக் கூடாது, அப்படிச் செய்தால் சோதனைத் தட்டில் குழிக்குக் குழி கரைப்பானின் அளவு மாறும். டிமெத்தில் சல்ஃபாக்சைடிலேயே 20, 10, 5, 2.5, 1.25 மில்லிமோலார் என்று ஐந்து குழாய்கள் செய்து, ஒவ்வொன்றிலிருந்தும் 2.5 மைக்ரோலிட்டரை 1 மி.லி. ஊடகத்தில் விடுங்கள். 50, 25, 12.5, 6.25, 3.1 மைக்ரோமோலார் கிடைக்கும், எல்லாவற்றிலும் கரைப்பான் 0.25 சதவீதம். குர்குமின் இல்லாத ஆறாவது குழாயிலும் அதே 0.25 சதவீதம். உங்கள் உண்மையான கட்டுப்பாடு அதுதான், வெறும் ஊடகம் அல்ல.

சீரம் இல்லாத, பிஎச் 7.4 கரைசலில் குர்குமினின் பெரும்பகுதி அரை மணி நேரத்தில் சிதைந்துவிடும். சீரம் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். ஆகவே ஊற்றும் நேரத்தில்தான் கலக்க வேண்டும், வெளிச்சத்தில் வைக்கக் கூடாது.

எம்டிடி

எம்டிடி ஒரு மஞ்சள் நிறச் சாயம், உயிருள்ள செல் அதை ஊதாப் படிகமாக மாற்றும். எண்ணுவதில் தொடங்குங்கள். செல் கலவையும், செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் 0.4 சதவீத ட்ரிபான் நீலமும் சமமாகக் கலந்து, கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடியான ஹீமோசைட்டோமீட்டரில் ஏற்றினீர்கள், நான்கு மூலைக் கட்டங்களில் மொத்தம் 168 உயிருள்ள செல் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 42, இருமடங்கு நீர்த்ததால் 84, அதை 10,000ஆல் பெருக்கினால் மி.லி.க்கு 8.4 லட்சம். 90 சதவீதத்துக்குக் கீழே உயிரோடு இருந்தால் அன்று சோதனை வேண்டாம். குழிக்கு 5,000 செல் வேண்டும், 100 மைக்ரோலிட்டரில். 60 குழிக்குச் சேதாரத்தோடு 7 மி.லி. தேவை, அதற்கு இந்தக் கலவையில் 417 மைக்ரோலிட்டரும் 6.58 மி.லி. ஊடகமும். 96 குழித் தட்டின் ஓரத்து 36 குழிகளில் செல் போடாமல் பிபிஎஸ் நிரப்புங்கள், அங்கே நீர் ஆவியாகி அடர்த்தி மாறும்.

ஓர் இரவு ஒட்டவிட்டு, மறுநாள் பழைய ஊடகத்தை எடுத்து மருந்து ஊடகம் 100 மைக்ரோலிட்டர். 24 அல்லது 48 மணி நேரம் கழித்து, மி.லி.க்கு 5 மி.கி. எம்டிடி கரைசலில் 10 மைக்ரோலிட்டர், 3 முதல் 4 மணி நேரம். திரவத்தை மெதுவாக உறிஞ்சி எடுத்து, ஊதாப் படிகங்களை 100 மைக்ரோலிட்டர் டிமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்து 570 நானோமீட்டரில் படியுங்கள்.

மஞ்சளின் சூழ்ச்சி இங்கேதான். தாவரச் சாறுகளில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருட்கள் செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக மாற்றும். செத்த குழியும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். ஒவ்வோர் அளவுக்கும் செல் இல்லாத மூன்று குழி வைத்து, மருந்தும் எம்டிடியும் மட்டும் விட்டு, அந்தக் குழிகளின் அளவீட்டைக் கழியுங்கள். எம்டிடிக்கு முன் ஒருமுறை பிபிஎஸ் கழுவலும் உதவும், கழன்று மிதக்கும் செல் போய்விடாமல் பார்த்துக்கொண்டால். இன்னொன்று: எம்டிடி சாவை அளப்பதில்லை, செல்லின் வளர்சிதை மாற்றத்தைத்தான் அளக்கிறது. 50 சதவீதம் குறைந்தது என்றால் பாதி செத்தது என்றும் இருக்கலாம், எதுவும் சாகாமல் பெருகுவது நின்றது என்றும் இருக்கலாம். ட்ரிபான் நீலத்தில் எண்ணிப் பார்த்தால் இது தெளியும்.

எப்படிச் செத்தது?

அப்பொப்டோசிஸ் என்ற பெயர் 1972இல் கெர், வில்லி, கரி மூவரும் வைத்தது. செல் தானே சுருங்கி, உட்கரு திரண்டு, துண்டு துண்டாகப் பிரியும் ஒழுங்கான சாவு. நெக்ரோசிஸில் செல் வீங்கி வெடிக்கும். உடலில் அப்பொப்டோசிஸ் துண்டுகளை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கிவிடும். ஃபிளாஸ்கில் விழுங்க யாருமில்லை, அதனால் அந்தத் துண்டுகளும் கடைசியில் சவ்வு கிழிந்து நெக்ரோசிஸ் போலவே தெரியும். 48 மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. 6, 12, 24 மணி நேரங்களில் தனித்தனித் தட்டு வையுங்கள்.

அனெக்சின் வி சாகத் தொடங்கிய செல்லின் சவ்வில் ஒட்டும், புரொப்பிடியம் அயோடைடு சவ்வு கிழிந்த செல்லுக்குள் புகுந்து சாயமேற்றும். இந்த இரண்டையும் வைத்துச் செய்யும் சோதனையில் அதிகம் நடக்கும் தவறு மிதக்கும் செல்லைக் கொட்டுவது. செத்துக்கொண்டிருக்கும் செல்தான் முதலில் கழன்று மிதக்கும். மேல்நீர், கழுவிய நீர், ட்ரிப்சினில் கழன்றவை மூன்றையும் ஒரே குழாயில் சேருங்கள். ஈடிடிஏவை நன்றாகக் கழுவி நீக்குங்கள், அனெக்சின் ஒட்டக் கால்சியம் வேண்டும். 2.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு உள்ள பிணைப்புக் கரைசல் 100 மைக்ரோலிட்டரில் ஒரு லட்சம் செல், இரு சாயமும் 5 மைக்ரோலிட்டர் வீதம், இருட்டில் 15 நிமிடம், மேலும் 400 மைக்ரோலிட்டர் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள், செல்லை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளிர்வை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில்.

குர்குமின் தானே பச்சையாக ஒளிரும். பச்சைச் சாயமான எஃப்ஐடிசி ஒட்டிய அனெக்சினைப் பயன்படுத்தினால், உயிரோடு இருக்கும் செல்லும் சாகிறதாகத் தெரியும். சிவப்பு லேசரில் ஒளிரும் ஏபிசி ஒட்டிய அனெக்சின் வாங்குங்கள். எதுவானாலும் குர்குமின் ஊற்றிச் சாயமிடாத ஒரு குழாயைக் கட்டாயம் ஓட்டுங்கள்.

நேர் கட்டுப்பாட்டுக்கு, அப்பொப்டோசிஸைத் தூண்டும் ஸ்டாரோஸ்போரின் 1 மைக்ரோமோலார், சில மணி நேரம். கடைசி உறுதிக்கு, புரதத்தை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்: காஸ்பேஸ் வெட்டும் பார்ப் புரதம் 116இலிருந்து 89 கிலோடால்டனாக வெட்டுப்பட்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்பே காஸ்பேஸ் தடுப்பான் இசட்-வாட் 20 மைக்ரோமோலார் கொடுத்தால் சாவு குறைகிறதா என்றும் பாருங்கள். குறையவில்லையென்றால் அது காஸ்பேஸ் வழிச் சாவு இல்லை, அதை அப்படியே எழுதுங்கள்.

முடிவை எழுதும்போது

பாசேஜ் எண் (செல்லை எத்தனை முறை பிரித்தீர்கள் என்பது), சீரம் தொகுதி எண், கரைப்பான் சதவீதம், வெவ்வேறு நாட்களில் மூன்று முறை செய்த விவரம் எல்லாம் இருக்க வேண்டும். ஒரே தட்டின் மூன்று குழி மூன்று சோதனை ஆகாது. 25 மைக்ரோமோலாரில் பாதி செல் செத்தது என்று எழுதும்போது இதையும் எழுதுங்கள்: தினம் 8 கிராம் குர்குமினை வாயால் கொடுத்த மருத்துவ ஆய்வில்கூட இரத்த சீரத்தில் சராசரி உச்சம் 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. உங்கள் கட்டுரையின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஒரு நோயாளி சிகிச்சையை விட்டு மஞ்சள்பாலுக்குப் போய்விடக் கூடும்.

வேலை முடிந்த திரவத்தில் பத்தில் ஒரு பங்கு பிளீச் சேர்த்து 30 நிமிடம் வைத்துப் பிறகு கொட்டுங்கள். ஃபிளாஸ்க், டிப் எல்லாம் 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ். பிளீச் கலந்ததை மட்டும் ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.