முத்திரை யாருடையது, குத்தியவர் யார்?

பழைய ஐரோப்பிய ஓவியர்களின் கோட்டோவியங்கள் யார் யார் கைமாறி வந்தன என்று தேடும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், தாளின் மூலையில் முன்பு அதை வைத்திருந்த சேகரிப்பாளரைக் காட்டும் ஒரு சிறு முத்திரையைக் கண்டதும் படும் பரவசத்தைப் பார்க்கும்போது, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது. ஃபிரிட்ஸ் லூக்ட் 1921இல் வெளியிட்ட சேகரிப்பாளர் முத்திரைகளின் தொகுப்பைப் புரட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிட்டு, முத்திரையைப் படிப்பதில் நேரும் தவறுகளைச் சொல்கிறேன்.

உரியவரே குத்தினார் என்று எண்ணுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். இங்கிலாந்தின் அரசவை ஓவியர் பீட்டர் லெலி 1680இல் இறந்தார். அவருடைய உயில் பொறுப்பாளர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ரோஜர் நார்த், விற்பனைக்கு முன் தாள்தாளாக எடுத்து, 'பி.எல்.' என்ற முத்திரையை அச்சு மையில் தோய்த்துக் குத்தினார். ஏலம் 1688இல் நடந்தது. ஆகவே அந்த இரண்டு எழுத்துகள் சொல்வது, லெலி இறந்தபோது இந்தத் தாள் அவருடைய சேகரிப்பில் இருந்தது என்பதை மட்டுமே. அவர் அதை எப்போது வாங்கினார், எவ்வளவு மதித்தார் என்பதற்கு அதில் இடமே இல்லை.

இது தெரியாமல், ஓர் இத்தாலிய உருவச் சித்திரத்தின் கீழ் மூலையில் கால்வாசி மங்கிய 'பி.எல்.' முத்திரையைக் கண்டு, 'லெலி தாமே தேர்ந்து முத்திரையிட்டுப் போற்றிய தாள்' என்று விற்பனைக் குறிப்பில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியை நம்பி விலை ஏறியது. நார்த்தின் கதையை அறிந்த ஒருவர் சொல்லி வாங்கியவருக்கு விவரம் தெரிந்ததும், தாள் திரும்பி வந்தது, பணமும் திரும்பிப் போனது. சென்ற மாதம் ஓர் இளைஞர், 1792இல் இறந்த ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸின் முத்திரையைப் பற்றி ஏறக்குறைய அதே வாக்கியத்தை எழுதிக் கொண்டுவந்தார். அதுவும் அவர் மறைவுக்குப் பின் இடப்பட்டதே.

முத்திரையை ஓவியரின் கையெழுத்தாகக் கொள்வது

லெலி வைத்திருந்ததால் அது ரஃபாயேல் வரைந்தது ஆகிவிடாது.

பழைய அட்டையைக் கழற்றி எறிவது

ஓவியத்தாள் ஒட்டப்பட்டிருக்கும் அந்த அட்டையை எறியாதீர்கள். ஓவியரும் சேகரிப்பாளருமான ஜோனதன் ரிச்சர்ட்சன், தாள் தம் சேகரிப்பில் இருந்த இடத்தைக் காட்டும் அடுக்குக் குறிகளை அட்டையின் பின்புறத்தில்தான் எழுதினார்.

முத்திரையை மட்டும் பார்ப்பது

உருப்பெருக்கியில் முத்திரையின் ஓரத்தையும் பாருங்கள். கிழிசலை அடைத்த ஒட்டுத்தாளின்மேல் மை ஏறியிருந்தால், அந்தப் பழுது நீக்கப்பட்ட பிறகுதான் முத்திரை விழுந்திருக்கிறது. முத்திரை பாதியில் அறுபட்டிருந்தால், தாள் அதன் பிறகு வெட்டப்பட்டிருக்கிறது.

இடைவெளியை உறவைக் கொண்டு நிரப்புவது

ஓவியர் தாமஸ் ஹட்சன் ரிச்சர்ட்சனின் மருமகன். ரெனால்ட்ஸ் ஹட்சனின் மாணவர். மூவரும் சேகரித்தவர்கள் என்பதால், ரிச்சர்ட்சன், ரெனால்ட்ஸ் முத்திரைகள் இரண்டும் உள்ள தாளைக் கண்டதும் அது கைமாறிய வரிசையில் நடுவே ஹட்சனின் பெயரைச் சேர்த்துவிடும் ஆசை வருவது இயல்பு. ஆனால் ரிச்சர்ட்சனின் சேகரிப்பு 1747இல் ஏலத்துக்கு வந்தபோது யாரும் வாங்கியிருக்கலாம். ஹட்சனின் முத்திரையோ ஏலப் பதிவோ கிடைக்கும்வரை, அந்த இடத்தில் நான் மூன்று புள்ளிகளை மட்டுமே வைக்கிறேன்.