மழை 4:20-க்கு நிற்கும் என்று போன் சொன்னால் என்ன செய்வது

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் ராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிவிட்டது, மதியத்துக்குள் வலுவிழந்துவிட்டதாகச் செய்தியும் வந்துவிட்டது. விழுப்புரத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். “ஆப்ல 4:20-க்கு நிக்கும்னு போட்டிருக்குடா, அதுக்குள்ள 1.3 மி.மீ. தானாம். நின்னதும் மாடிக் குழாய் அடைப்பை எடுக்க ஆளைக் கூப்பிடணும்” என்றாள். 4:20 வந்தது, மழை நிற்கவில்லை. அஞ்சு மணிக்கு அதே ஆப் 6:10 என்றது, ஆறு மணிக்கு 7:35 என்றது. ராத்திரி பத்து மணிக்கு அக்கா ஆப்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, படிக்கட்டில் இறங்கி வந்த தண்ணீரை முறத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஆப் பொய் சொல்கிறது என்று சொல்ல வரவில்லை. அது சொல்வதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அதுவும் புயல் வலுவிழக்கும் நேரத்தில் அதைப் படிப்பது தனிக் கலை.

முதலில் அந்த 1.3 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தெருவுக்கு என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. பெரிய கணினி மாடல்கள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஐரோப்பிய மாடலில் ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ., அமெரிக்க ஜிஎஃப்எஸ்ஸில் சுமார் 13 கி.மீ. ஒரு கட்டத்துக்கு ஒரு மழை அளவு, அவ்வளவுதான். பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவே கோடு இழுத்து நிரப்பி, உங்கள் ஜிபிஎஸ் புள்ளிக்கு ஒரு எண்ணை எடுத்து, தசமப் புள்ளியோடு போட்டுக் காட்டுவது ஆப்பின் வேலை. மீனம்பாக்கத்திலும் நுங்கம்பாக்கத்திலும் ஒரே நாளில் அளந்த மழையே பல சமயம் பாதிக்குப் பாதி வித்தியாசப்படும். அப்படியிருக்க, உங்கள் தெருவுக்கு 1.3 என்றால் அதை ‘கொஞ்சம் பெய்யலாம்’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புயல் வலுவாக இருக்கும்போது இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும், ஏனென்றால் மேகம் மையத்தைச் சுற்றி ஒழுங்காகச் சுழல்கிறது, பெரிய உருவம், மாடலுக்குப் பிடிபடும். வலுவிழக்கும்போது அந்த ஒழுங்கு கலைந்துவிடும். மேலே ஒரு காற்று, கீழே ஒரு காற்று என்று இழுத்து மேகத்தை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளிவிடும், ஒரு பக்கம் வறண்ட காற்று நுழையும். மிச்சம் இருப்பது தனித்தனி இடிமேகங்கள். ஒவ்வொன்றும் சில கி.மீ. அகலம், ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம், ஒன்று சாகும்போது பக்கத்தில் இன்னொன்று பிறக்கும். கட்டத்தைவிடச் சின்ன மேகத்தைக் கட்டத்தை வைத்துப் பிடிக்கச் சொன்னால் எப்படி? ஆனால் ஆப்பின் முகப்பு மட்டும் மாறாது, நேற்று இருந்த அதே நம்பிக்கையோடு 4:20 என்று எழுதும்.

அதனால் மணியைப் பார்த்ததும் இரண்டு சின்னச் சோதனை செய்யுங்கள். ஆப்பில் பக்கத்து ஊர்களைப் போட்டுப் பாருங்கள். விழுப்புரம் என்றால் திண்டிவனம், திருக்கோவிலூர், பண்ருட்டி. நாலும் கிட்டத்தட்ட ஒரே கதையைச் சொன்னால் கொஞ்சம் நம்பலாம், ஒன்று 4:20, இன்னொன்று நள்ளிரவு, மூன்றாவது மழையே இல்லை என்றால் அந்த மணிக்கு மதிப்பு இல்லை. அடுத்து, இப்போதைய படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, ரெண்டு மூணு மணி நேரம் கழித்து ஒப்பிடுங்கள். நிற்கும் நேரம் அக்காவுக்கு நகர்ந்த மாதிரி நகர்ந்துகொண்டே போனால், மழை எப்போது நிற்கும் என்று மாடலுக்கே தெரியவில்லை என்று அர்த்தம். ஜிஎஃப்எஸ் மாதிரி மாடல்கள் ஒரு நாளைக்கு நாலு தடவைதான் புதிதாக ஓடுகின்றன. காலை 5:30 மணி நிலவரத்தை வைத்து ஓடும் கணக்கு நம் கைக்கு வர பத்து மணி ஆகிவிடும். நிமிஷத்துக்கு நிமிஷம் ரெஃப்ரெஷ் செய்வது கட்டைவிரலுக்கு வேலை.

‘மழை வாய்ப்பு 60%’ என்பதும் பலரைக் குழப்புகிறது. ஆரம்ப நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஒரே மாடலைப் பல தடவை ஓட்டுவார்கள், ஐரோப்பிய மாடலில் 51 தடவை. பொதுவாக அந்த மாதிரி ஓட்டங்களில் பத்துக்கு ஆறில் உங்கள் இடத்தில் மழை வந்தது என்பதுதான் 60%. எவ்வளவு கொட்டும் என்பதை அது சொல்லாது. 30 சதவீதம் போட்ட மணியில் வீதி ஆறாக ஓடுவதும் நடக்கும்.

இப்போது ‘வலுவிழந்தது’ என்ற சொல். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். நம் வானிலை ஆய்வு மையம் புயலுக்குப் பெயர் மாற்றுவது காற்றை வைத்து. மணிக்கு 31 முதல் 50 கி.மீ. வரை காற்றழுத்த தாழ்வு மண்டலம், 61 வரை ஆழ்ந்த காற்றழுத்த தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால் புயல். இந்தப் படியில் மழைக்கு இடமே இல்லை. ஃபெங்கல் புயலில் இருந்து இறங்கிய பிறகுதான், கடலில் இருந்து நூறு கி.மீ.க்கு மேல் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது, டிசம்பர் 2 காலை அளவு அது. புயலின் மையம் மெதுவாக நகர்ந்ததுதான் காரணம். எனவே ‘வலுவிழந்தது’ என்று கேட்டதும் அடுத்து கேட்க வேண்டியது, நகர்கிறதா, நிற்கிறதா? செய்திக்குறிப்பில் கடந்த ஆறு மணி நேரத்தில் எவ்வளவு வேகத்தில் நகர்ந்தது என்று ஒரு வரி இருக்கும். மணிக்கு 5 கி.மீ., 3 கி.மீ. என்று இருந்தாலோ, நிலைகொண்டுள்ளது என்று இருந்தாலோ குடையை உள்ளே வைக்காதீர்கள்.

மையம் எங்கே என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 2020 டிசம்பரில் வலுவிழந்த புரெவி புயல் மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தது, ஆனால் 34 செ.மீ. பெய்தது 200 கி.மீ.க்கு மேல் வடக்கே இருக்கும் சிதம்பரத்தில்.

செய்திக்குறிப்பைத் தமிழிலேயே படியுங்கள், வார்த்தைகள் கணக்குப் பார்த்துப் போட்டவை. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியில் கால்வாசி இடங்களுக்குள், ‘ஒருசில இடங்களில்’ பாதி வரை, ‘அநேக இடங்களில்’ முக்கால் வரை, ‘பெரும்பாலான இடங்களில்’ அதற்கும் மேல். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ.யில் தொடங்குகிறது, மிக கனமழை சுமார் 11.5-க்கு மேல், அதி கனமழை 20.4-க்கு மேல். ‘ஓரிரு இடங்களில் அதி கனமழை’ என்று போட்டால், எங்கோ கொட்டப் போகிறது, எந்த ஊர் என்று இப்போது சொல்ல முடியாது என்று பொருள். ஆப்பின் 4:20-ஐவிட இது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

அடுத்த ஒரு மணி நேரத்துக்கு ரேடார்தான். வானிலை மையத்தின் தளத்தில் சென்னை, காரைக்கால் ரேடார் படங்கள் இருக்கின்றன. நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மதியப் படத்தைக் காலைப் படம் என்று நினைத்து ஏமாறுவீர்கள் (நான் ஏமாந்திருக்கிறேன்). ஒரு படத்தைப் பார்த்து எதுவும் முடிவு கட்டாதீர்கள், ஐந்தாறு படத்தை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். பலத்த மழையைக் காட்டும் மஞ்சள், சிவப்புத் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது, கடலில் இருந்து அடுத்தது வருகிறதா என்று பார்த்தால் போதும். திட்டுகள் நகர்ந்து போகின்றன, ஆனால் அதே இடத்தில் புதுசு புதுசாக முளைக்கின்றன என்றால் அந்த ஊருக்குக் கஷ்டகாலம்.

கரண்ட், நெட் ரெண்டும் போய்விட்டால் மொட்டைமாடிக்குப் போய்க் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள் (இடி இருந்தால் வேண்டாம்). பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் நமக்குப் புயலின் மையம் ஏறக்குறைய இடது கைப் பக்கம் இருக்கும். கிழக்கே இருந்து கொண்டல் அடித்தால் மையம் தெற்கே. அது தென்காற்றாகத் திரும்பினால் மையம் மேற்கே, உள்நாட்டுக்குள் போய்விட்டது.

எவ்வளவு பெய்தது என்று பார்க்க வாளி வேண்டாம், வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருப்பதால் அதிகமாகக் காட்டும். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றைத் திறந்த இடத்தில் வைத்து, காலை 8:30-க்கு ஸ்கேலை விட்டு அளந்தால், அரசு கணக்கோடு ஒப்பிடலாம், ஏனென்றால் அவர்களும் அந்த நேரத்தில்தான் நாளை முடிக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மாடியில் 50 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 28,000 லிட்டர், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டுக்கும் மேல். அக்கா வீட்டுக் குழாய் ஏன் திணறியது என்று அப்போதுதான் புரிந்தது.

கடைசியாக, எதற்காக மணி பார்க்கிறீர்கள் என்று யோசியுங்கள். துணி காயப்போட, பால் வாங்கப் போக என்றால் ஆப்பை நம்பித் தோற்றாலும் நஷ்டம் இல்லை. வண்டியைத் தாழ்வான பார்க்கிங்கில் விடுவது, ஊருக்குக் கிளம்புவது, மாத்திரை தீர்ந்துபோவது மாதிரி விஷயங்களுக்கு 4:20-ஐ எடுத்துக்கொண்டு முன்னாலும் பின்னாலும் ஆறு மணி நேரம் சேர்த்து முடிவெடுங்கள். ஆற்றோரம் என்றால் உங்கள் ஊரில் நின்ற மழையையும் நம்பாதீர்கள். அந்த டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை பொங்கி விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலையில் ஏறியது. அணை எவ்வளவு திறக்கிறது என்பதை மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும், அதைத் தேடிப் பாருங்கள். மழை ஆப்பில் அது வராது.

அக்கா இப்போது மழைக்கு முந்தைய நாளே குழாய் அடைப்பை எடுத்துவிடுகிறாள்.