கெட்ட கொழுப்பு 162-லிருந்து 131-க்கு வந்த கதை

ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 162. "மூணு மாசம் சாப்பாட்டை மாத்திப் பாருங்க, அப்புறம் மாத்திரையைப் பத்திப் பேசலாம்" என்றார் டாக்டர். நான் உடனே ஆலிவ் எண்ணெய் வாங்கி, தினமும் காலையில் ஒரு ஸ்பூன் குடித்தேன். பொரியலுக்குத் தேங்காய் எண்ணெய், வடைக்குப் பாமாயில், தோசைக்கு நெய் எல்லாம் பழையபடியே. ஆறு வாரத்தில் எடை ஒரு கிலோ ஏறியது, எல்டிஎல் அசையவில்லை.

தப்பு அங்கேதான். ஆலிவ் எண்ணெயில் நிறைய இருக்கும் ஒலீயிக் அமிலம் என்ற நல்ல கொழுப்பு மருந்து இல்லை. தேங்காய் எண்ணெய், பாமாயில், நெய்யில் அதிகம் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் அது வந்தால்தான் பலன். நிறைவுற்ற கொழுப்பு குறைந்தால், கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை அதிகம் உறிஞ்சிக்கொள்ளும். 2018-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த லேபிள் வாசகமும் இதையேதான் சொல்கிறது: குறைந்தது 70 சதவீதம் ஒலீயிக் உள்ள எண்ணெய், தினம் சுமார் 20 கிராம், நிறைவுற்ற கொழுப்பு அதிகமுள்ள எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பதிலாக. பாமாயிலிலும் ஒலீயிக் 40 சதவீதம் உண்டு. கூடவே கிட்டத்தட்ட பாதி அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பும் வருகிறதே!

ஆலிவை நிறுத்திவிட்டேன். தாளிக்கக் கடலை எண்ணெய், இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய். இரண்டிலும் ஒலீயிக் தாராளம். மாலை பஜ்ஜிக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. எண்ணெய்த் தூக்கில் பேனாவால் கோடு போட்டு, நாலு பேருக்கு வாரம் அரை லிட்டர் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 131. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.