முதல் வருடப் புள்ளி கவிழ்த்துவிட்டதா? ஒன்ராறியோவில் மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு

ஊரில் 70 எடுத்தால் வீட்டில் பாயாசம் வைப்பார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாண மருத்துவ பீடங்களுக்கான பொது விண்ணப்பமான ஓம்சாஸின் அட்டவணையில், நூற்றுக்குப் புள்ளி போடும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் 70க்கு, 4.0 அளவில் 2.7தான். 80க்கு 3.7, 85க்கு 3.9, 90ஐத் தொட்டால்தான் முழு 4.0. இது தெரியாமலே முதல் வருடத்தை முடித்துவிட்டுத் தலையில் கைவைக்கிற பிள்ளைகள் நம்மவர்களில் நிறையப் பேர்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. உடனே கரீபியன் தீவுகளின் மருத்துவக் கல்லூரி விளம்பரங்களைத் தேடாதீர்கள். ஜிபிஏயை, அதாவது இந்த 4.0 அளவில் வரும் சராசரிப் புள்ளியை, எல்லாப் பீடங்களும் ஒரே மாதிரிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒட்டாவா கடைசி மூன்று முழுநேர வருடங்களை மட்டும் எடுக்கும். கடைசி வருடத்துக்கு மூன்று மடங்கு எடை, அதற்கு முந்தியதுக்கு இரண்டு மடங்கு. நான்கு வருடங்களில் 2.7, 3.5, 3.8, 3.9 என்று எடுத்த பிள்ளைக்குச் சாதாரண சராசரி 3.48. ஒட்டாவாவின் கணக்கில் அதே பிள்ளைக்கு 3.8! ரொறன்ரோ, ஒவ்வொரு வருடமும் முழுப் பாடச்சுமை எடுத்தவர்களுக்கு மிகக் குறைந்த சில புள்ளிகளைத் தள்ளிவிட்டுக் கணிக்கும். மக்மாஸ்ரர் எல்லா வருடங்களையும் சேர்க்கும், ஆனால் 3.0 இருந்தாலே விண்ணப்பிக்கலாம். 2025இல் பிராம்ப்ரனில் தொடங்கிய ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகப் பீடம் எம்கற் என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சையே கேட்பதில்லை. ஆகவே முதல் வேலை, ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு பீடத்தின் முறைப்படியும் உங்கள் புள்ளியைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது. விதிகளை அவர்கள் அடிக்கடி மாற்றுவார்கள். போன வருடம் அண்ணா சொன்னதை நம்பி இருக்காதீர்கள்.

புதிதாக வந்த பிள்ளைகளை வீழ்த்துவது பெரும்பாலும் அந்த முழுப் பாடச்சுமைதான். இரவில் தொழிற்சாலை வேலை, பகலில் வகுப்பு. தாங்க முடியாமல் ஐந்து பாடத்தை மூன்றாகக் குறைப்பார்கள். புள்ளி கூடும், ஆனால் அந்த வருடம் சில பீடங்களின் கணக்கில் சேராமல் போகலாம். என்னைக் கேட்டால், வேலை நேரத்தைக் கோடை விடுமுறைக்குத் தள்ளுங்கள். அம்மா அப்பாவிடம் இதை முன்கூட்டியே பேசுவது கஷ்டம்தான், ஆனாலும் பேசுங்கள். பட்டம் முடிந்த பிறகும் புள்ளி போதாவிட்டால், முழுநேரமாக இன்னொரு பட்டம் தொடங்கிப் புள்ளியைத் திருத்துகிறவர்களும் உண்டு. காசும் காலமும் போகும் வழி, கடைசியாகவே யோசியுங்கள்.

எம்கற்றின் நான்கு பகுதிகளில் மக்மாஸ்ரர் பார்ப்பது கார்ஸ் என்ற வாசிப்புப் பகுதியை மட்டுமே. அறிவியலில் புலியாக இருக்கும் நம் பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான். அந்த வாசிப்புத் திறன் கடைசி மூன்று மாதத்தில் வராது. முதல் வருடத்திலிருந்தே நீண்ட ஆங்கிலக் கட்டுரைகளை வாசியுங்கள்.

அப்புறம், விண்ணப்பத்தில் கேட்கும் செயற்பாடுகளின் பட்டியல். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பித்ததும், அம்மம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனதும் அதில் எழுதத் தகுந்தவைதான். உறுதிப்படுத்த ஒருவரின் பெயரும் தொடர்பும் வேண்டும், அதை இப்போதே குறித்து வையுங்கள்.

படிப்பு விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2026 இலையுதிர்காலத்திலிருந்து மருத்துவ இடங்களை வெளிநாட்டு மாணவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று ஒன்ராறியோ அரசு 2024 ஒக்ரோபரில் அறிவித்தது. நிரந்தர வதிவிட விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஓம்சாஸ் கோடையில் திறந்து ஒக்ரோபர் தொடக்கத்தில் மூடிவிடும். புள்ளிப் பத்திரங்களை ஓகஸ்டிலேயே கேட்டுவிடுங்கள்.