ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன்

கல்லடியிலோ கல்முனையிலோ வீட்டிலிருந்து கொழும்புக் கம்பனிக்கு டிசைன், கணக்கு வேலை செய்கிறவர்கள் தாளின் தலைப்பை மட்டும் நம்பிவிட வேண்டாம். "சுயாதீன ஒப்பந்தக்காரர்" என்று போட்டிருந்தாலும், வேலை நேரத்தைக் கம்பனி தீர்மானித்து, லீவுக்கு அவர்களிடம் கேட்டு, மாதாமாதம் ஒரே தொகை வாங்கினால், சட்டம் உங்களை ஊழியராகவே பார்க்கக்கூடும், அப்படியென்றால் சம்பளத்தில் ஈ.பி.எஃப்-க்கு (ஊழியர் சேமலாப நிதி) கம்பனி 12%, நீங்கள் 8%, ஈ.ரி.எஃப்-க்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) கம்பனி 3% கட்ட வேண்டும், வருமானம் வரி வரம்பைத் தாண்டினால் வரியும் சம்பளத்திலேயே பிடிபடும்.

உண்மையிலேயே தனியாகத் தொழில் செய்கிறீர்களா? சரி, ஒப்பந்தம் அதைக் காட்டட்டும்: உங்களுக்குப் பதிலாக வேறொருவரை வைத்து வேலையை முடிக்கும் உரிமை, வேலைக்கு வேலை இன்வொய்ஸ், பிழை வந்தால் உங்கள் செலவில் திருத்துவது, மற்ற வாடிக்கையாளருக்கும் செய்யும் சுதந்திரம். நடைமுறையும் அப்படியே இருக்க வேண்டும்.

இன்சூரன்ஸைப் பலர் கவனிப்பதே இல்லை, எனக்கு அதுதான் கவலை. தொழில்சார் பொறுப்புக் காப்புறுதியை (உங்கள் வேலைப் பிழையால் வாடிக்கையாளருக்கு நட்டம் வந்தால் ஈடுகட்டுவது) உங்கள் பெயரில் எடுத்துப் பிறிமியத்தை நீங்களே கட்டினால், நட்டம் வந்தால் தாங்குவது நீங்கள்தான் என்பதற்கு அது ஒரு சான்று. கம்பனியின் ஊழியர் மருத்துவக் காப்புறுதியில் உங்கள் பெயர் இருந்தால் நீங்கள் ஊழியர் என்ற பக்கம் சாயும். அப்புறம், எல்லையில்லாத நட்டஈடு கேட்கும் வாசகத்தை ஏற்காதீர்கள், உங்கள் கட்டணத் தொகைக்குள் எல்லை போடச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.