எறும்பை விரட்டுமுன் தளிரைத் திருப்பிப் பாருங்கள்

பெங்களூரு மாடியில் தும்பை, மூக்குத்திப்பூ, காசித்தும்பை என்று காட்டுப்பூக்களை வளரவிட்டிருப்பவர்கள் எறும்பைக் கண்டதும் மருந்துப்பொடியைத் தேடுவார்கள். வேண்டாம், தேனீயும் சேர்ந்து சாகும். செடியில் எறும்பு சாரைசாரையாக ஏறினால் தளிரின் அடியைப் பாருங்கள்; பெரும்பாலும் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) அப்பியிருக்கும். அது கழிக்கும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு காவல் நிற்கிறது, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டைக்கூட நெருங்க விடாது. காலையில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவிவிடுங்கள். சில நாள் விடாமல் செய்தால் எறும்பு வேறு இடம் பார்க்கும்.

அப்போதும் போகவில்லையா? லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். தேனீக்கள் அடங்கிய பிறகு, மாலையில், பூவில் படாமல் தெளிக்கவும். கருப்பும் ஆரஞ்சுமாகக் குட்டி முதலைபோல ஏதாவது ஊர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் புழு, அசுவினிதான் அதற்குச் சாப்பாடு.

தொட்டிக்குள்ளேயே எறும்பு குடியேறிவிட்டால், வாளித் தண்ணீரில் தொட்டியை அரைமணி நேரம் முக்கி, வெளியேற ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். முட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். தரையில் இருக்கும் புற்றை (குழந்தைகள் விளையாடும் இடமாக இல்லாவிட்டால்) அப்படியே விடலாம். சில காட்டுச்செடிகளின் விதையை இழுத்துப்போய்ப் பரப்புவது எறும்புதான்.