மாந்தோப்பு குத்தகை: மூடிய கவர், இரண்டாவது விலை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கம் பெங்களூரா ரக மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுபவர்கள், வியாபாரிகளிடம் மூடிய கவரில் விலை கேட்டுப் பாருங்கள். அதிகம் எழுதியவருக்குத் தோப்பு. ஆனால் அவர் கட்டுவது இரண்டாவது அதிக விலையை. ஆட்டக் கோட்பாட்டில் (game theory) பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961-இல் அலசிய முறை இது.

தோப்புக்காரர் நமக்கு நஷ்டம் போலத்தான் தெரியும். ஆனால் இந்த முறையில் வியாபாரி விலையைக் குறைத்து எழுதுவதில் அவருக்கு லாபமில்லை. ஒரு வியாபாரிக்கு அந்தத் தோப்பு 2,40,000 ரூபாய் பெறும் என்று வையுங்கள். 2,20,000 என்று குறைத்து எழுதினால், 2,30,000 எழுதியவர் தட்டிக்கொண்டு போய்விடுவார். 2,60,000 என்று ஏற்றி எழுதி, அடுத்தவர் 2,50,000 எழுதியிருந்தால் 10,000 கைநஷ்டம். ஆக, மனதில் உள்ள விலையை அப்படியே எழுதுவதுதான் அவருக்கு நல்லது.

வியாபாரிகள் கூடிப் பேசிவிட்டால் காரியம் கெட்டது, இரண்டாவது விலை படுத்துவிடும். அதனால் குறைந்தபட்ச விலையை முதலிலேயே அறிவித்துவிடுங்கள். ஒரே கவர்தான் அதைத் தாண்டியது என்றால் அந்தக் குறைந்தபட்ச விலையே குத்தகைத் தொகை. வெளியூர் ஆள் இரண்டு பேரையாவது அழையுங்கள். கவர்களை எல்லார் முன்னாலும் ஒரே நேரத்தில் பிரியுங்கள். உங்கள் உறவினரை விட்டுப் பொய் விலை போட வைத்தால், அடுத்த வருஷம் யாரும் உண்மை விலை எழுத மாட்டார்கள்.